புதன்கிழமை லீவு எடுக்கும் திருடன்

மூன்றாவது மாடி ஏறி வந்த மனிதருக்கு இரைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்த பில்டிங்ல லிஃப்ட் இல்லையா?"

"இருக்கு சார். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல ஆறு மாசமா நின்னு யோசிச்சுக்கிட்டிருக்கு. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அப்ப நீங்க லிஃப்ட்ல வராததுதான் நியாயம்."

இப்படி வாயைக் கொடுத்தவரை எல்லோரும் கூப்பிடுவது தபால் என்று. முப்பத்து நான்கு வருஷம் இந்த ஊரின் வடக்குப் பக்கத்துத் தெருக்களில் சைக்கிளில் கடிதம் போட்டுவிட்டு ரிடையர் ஆனவர். வீட்டில் உட்கார்ந்தால் மருமகளுக்கும் தனக்கும் ஒத்துவராது என்று, துப்பறியும் ஆபீசில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். சம்பளத்தைவிட அரட்டைதான் அவருக்கு முக்கியம்.

ஆபீஸ் 'கேள்வி மேடம்' என்ற பெண்ணுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் தெருவில் அப்படிச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். வயது நாற்பத்தி மூன்று. ஆபீசுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் தனியாகக் குடியிருந்தாள். தபால் வேலைக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வெளிவருவது சில சமயம் சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போதுதான். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறைப்பட்டுக்கொள்ள ஆள் இருந்தால் அந்தக் குறையே இருந்திருக்காதே.

"உக்காருங்க. என்ன காணோம்?" என்றாள் மேடம்.

"காணோம்னு எப்படித் தெரியும்?"

"வந்ததுலருந்து போனை மூணு தடவை எடுத்துப் பாத்துட்டீங்க. அதுல இருக்க வேண்டிய ஏதோ ஒண்ணு இல்ல."

மெக்கானிக் போனை மேஜைமேல் வைத்தார். அறுபதை நெருங்கிய மனிதர். நகக் கண்களில் போகாத கறுப்பு. சட்டையில் இரண்டாவது பட்டன் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது, அதுவும் கோணலாக. மனைவி இல்லாதவர் என்று மேடம் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"போன வியாழக்கிழமை மத்தியானம், ரெண்டு ரெண்டேகால் இருக்கும். ஒரு லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன். ரெண்டு கையிலயும் கிரீஸ். பையில போன் வெளிச்சம் போட்டுச்சு. எட்டிப் பாத்தேன். 'அப்பா, இது ஆறாவது கடிதம். இதுதான் கடைசி'ன்னு ஒரே ஒரு வரி. மேல ஏறி, கையைக் கழுவி, மெயிலைத் திறக்கறேன். இல்ல."

"அழிஞ்சிருந்துச்சா?"

"வந்த சுவடே இல்ல மேடம். முதல் அஞ்சு கடிதம் வந்ததே எனக்குத் தெரியாது."

அவருக்கு ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் கூப்பிட்டிருக்கிறாள். இவர் மறுத்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'எனக்கு யாரும் தேவையில்ல, நீ உன் வேலையைப் பாரு' என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். நம்பரை மாற்றிவிட்டாள். வேலையையும் மாற்றிவிட்டாள். இவர் எழுதிய கடிதங்கள் அவளுடைய பழைய ஆபீஸ் முகவரியில் மோதித் திரும்பி வந்தன.

"ஆறு தடவை எழுதியிருக்கா மேடம். நான் ஒண்ணுக்குக்கூட பதில் போடல. அவ என்ன நெனைச்சிருப்பா? அப்பனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லைன்னுதானே?" மெக்கானிக் மேஜையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "போலீஸ் ஸ்டேஷன்ல சிரிக்கறாங்க. மெயில் காணோம்னா கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டாங்களாம். கடைசிக் கடிதம்னு எழுதியிருக்கா. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"இந்த மெயில் வேற எந்த மெஷின்லயாவது வருதா?"

"என்கிட்ட இருக்கறது இந்த ஒரு போன்தான்."

அவர் கண்ணைப் பார்த்தே சொன்னார். பொய் சொல்கிறவர் முகம் அல்ல அது. மேடம் நம்பினாள். அங்கேதான் அவளுக்கு நான்கு நாள் வீணானது.

தபால் தொண்டையைச் செருமினார். "இதுக்கு எதுக்கு மேடம் துப்பு? பாஸ்வேர்டை மாத்தினா திருடன் வெளிய. முடிஞ்சுது கதை."

"திருடன் வெளிய போவான். கூடவே ஆறு கடிதமும் போயிடும். அது எங்க போய்ச் சேர்ந்ததோ அந்த இடத்துக்கு நமக்கு இருக்கற ஒரே வழி இந்தத் திறந்த கதவுதான். அதை நாமளே சாத்தக் கூடாது."

மெக்கானிக்கின் அனுமதியோடு, அவருடைய மெயிலைத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தெரியும்படி மேடம் ஏற்பாடு செய்தாள். அவர் படியிறங்கிப் போனதும் தபால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நான் முப்பத்தி நாலு வருஷம் லெட்டர் குடுத்திருக்கேன். ஒரே லெட்டரை ரெண்டு வீட்டுல குடுத்ததே இல்ல. அவர் போன்ல வர்ற லெட்டர் இங்க எப்படி வரும்?"

"மெயிலை எடுக்க ரெண்டு முறை இருக்கு அண்ணே. பழைய முறைக்குப் பேரு பாப். அது உங்களை மாதிரி. போஸ்ட் ஆபீஸ்லருந்து லெட்டரை எடுத்துட்டு வந்து வீட்டுல போட்டா, போஸ்ட் ஆபீஸ்ல அது இருக்காது."

"சரியான முறை."

"ஒரே ஒரு கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்களுக்குச் சரி. புது முறைக்கு ஐமேப்னு பேரு. அதுல லெட்டர் போஸ்ட் ஆபீஸ்லயேதான் இருக்கும். போன்ல பாத்தாலும் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் ஒரே லெட்டரைத்தான் ஜன்னல் வழியா பாக்கறோம். எத்தனை ஜன்னல் வேணா வச்சுக்கலாம். ஒரு ஜன்னல்ல கிழிச்சா எல்லா ஜன்னல்லயும் போயிடும்."

"மெக்கானிக் போன்?"

"புது முறை. வெறும் ஜன்னல். அதுவும் அரை மணிக்கு ஒரு தடவைதான் எட்டிப் பாக்குது. வேற எங்கயோ யாரோ பழைய முறையில, இதைவிட வேகமா, வர்றதையெல்லாம் வாரிக்கிட்டுப் போறாங்க."

"அப்ப என் தொழில்காரன்தான் திருடன்னு சொல்றீங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் வேட்டை தொடங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கடிதம், மெக்கானிக்கின் முகவரிக்கு. எழுதுகிற வேலையை தபால் கேட்டு வாங்கிக்கொண்டார். எந்தக் கடிதம் எப்போது போனது, எப்போது மறைந்தது என்று நோட்டில் குறிக்கிற வேலையும் அவருடையதுதான். முதலில் 'சோதனை ஒன்று', 'சோதனை இரண்டு' என்றுதான் ஒழுங்காக எழுதினார். பத்து மணிக்கு மேல் அலுத்துவிட்டது. 'திருடரே, நலமா?' என்று ஒன்று. 'திருடரே, சாப்பிட்டீர்களா?' என்று இன்னொன்று. மேடம் தலையிலடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் நோட்டைப் புரட்டினார்கள்.

"காலையில ஒம்பதரை வரைக்கும் எல்லா லெட்டரும் அப்படியே இருக்கு. ஒம்பதரைக்கு ஒரேயடியா காலி. அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துடைச்ச மாதிரி. ஏழு மணிக்கு மேல அனுப்பினது எதுவும் போகல," என்றார் தபால்.

"பத்து நிமிஷம் பிசகாம எடுக்கறது மனுஷன் கை இல்ல, மெஷின். ஒம்பதரைக்கு அதைத் திறந்து ஏழுக்கு மூடறது மனுஷன். திருடன் வீட்டுல இல்ல அண்ணே, கடையிலயோ ஆபீஸ்லயோ இருக்கான்."

"நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போறான். என் டிபார்ட்மென்ட்ல இப்படி ஒருத்தன் இருந்திருந்தா மெடல் குத்தியிருப்பாங்க."

புதன்கிழமை ஒரு கடிதம்கூட மறையவில்லை. காலை முதல் சாயங்காலம் வரை இருவரும் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்ததுதான் மிச்சம்.

"உங்க விசாரிப்புல மனசு கரைஞ்சு திருந்திட்டான்," என்றாள் மேடம்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு, புதன்கிழமைக் கடிதங்கள் மொத்தமும் ஒரே வாயில் விழுங்கப்பட்டன. மேடம் எழுந்து நின்றே விட்டாள்.

"புதன்கிழமை லீவு! வாரம் பூராத் திறந்து வச்சு, புதன்கிழமை மட்டும் மூடற கடை."

"ஊர்ல அப்படி அம்பது கடை இருக்கும் மேடம்."

அது உண்மை. ஐம்பது கடையிலும் ஏறி இறங்க ஒரு மாதம் ஆகும். அந்தப் பெண் கடைசி என்று எழுதிவிட்டாள், இவர்கள் எதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்றே தெரியவில்லை. அன்று மெக்கானிக் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் அதே கேள்வி, கிடைத்ததா என்று. "தேடிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு மேடம்தான் வைத்தாள்.

வெள்ளிக்கிழமைதான் வழி திறந்தது. காலை ஒன்பதரைக்கு வழக்கம்போலத் துடைத்தது. ஒன்பது ஐம்பதுக்கும் துடைத்தது. பத்து மணிக்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. கடிதங்கள் குவிந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டு ஐந்துக்கு எல்லாம் ஒரேயடியாகப் போயின.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? ரெண்டு மணி நேரம் எங்க போனான்? டீ குடிக்கவா?" என்றார் தபால்.

"அவன் எங்கயும் போகல. கரன்ட்தான் போயிருக்கு." மேடம் அதற்குள் அன்றைய பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்பக்கத்தின் அடியில், மின்வாரியத்தின் சின்ன அறிவிப்பு: பராமரிப்புப் பணிக்காகக் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மின்தடை. கீழே மூன்று தெருக்களின் பெயர்கள்.

அவள் பேப்பரைத் தபாலிடம் நீட்டினாள். "அண்ணே, இந்த மூணு தெருவும்…"

"என் பீட்டு! நான் லெட்டர் போட்ட தெருங்க!" தபால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த கேலியெல்லாம் ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று. கண்களை மூடிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அந்த மூன்று தெருக்களிலும் சைக்கிள் விட்டார். "முதல் தெரு பூரா வீடு. ரெண்டாவது தெருவுல எல்லாம் ஞாயித்துக்கிழமை மூடறவன். மூணாவது தெருவுல… புதன்கிழமை ஷட்டருக்கு அடியில லெட்டரைத் தள்ளிட்டு வருவேன். அப்படி ஒரே ஒரு கடை. மூக்குக்கண்ணாடிக் கடை."

"நிச்சயமா?"

"மேடம், குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முதுகு வலி வந்ததே அந்தக் கடையாலதான்."

மெக்கானிக்கைப் பிடிப்பதற்குள் மதியம் மூன்றாகிவிட்டது. ஏதோ ஒரு லிஃப்ட் குழிக்குள் சிக்னல் இல்லாமல் நின்றிருந்தார். மூன்றே முக்காலுக்கு மூவரும் அந்தத் தெருவில் இறங்கினார்கள். குறுகலான தெரு. ஒரு பக்கம் பூட்டுச் சாவிக் கடை, மறுபக்கம் காலி மனை. நடுவில் கண்ணாடிக் கடை, ஒரே ஒரு ஆள் நிற்கிற அகலத்தில். உள்ளே சுவர் முழுக்க வெறும் ஃபிரேம்கள். கண்ணில்லாத அத்தனை கண்ணாடிகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

கல்லாவுக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். நல்ல புடவை கட்டி, தலை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ கிளம்ப வேண்டியவர் மாதிரியும் கிளம்பப் பயந்தவர் மாதிரியும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

"கண்ணு டெஸ்டா?" என்றார் அம்மாள்.

"இல்லம்மா. உங்க கம்ப்யூட்டர்ல வர்ற மெயில் விஷயமா…" என்று மேடம் ஆரம்பித்தாள்.

அம்மாளின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. "'திருடரே நலமா'ன்னு நாலு நாளா எழுதினது நீங்களா?"

தபால் கூரையைப் பார்த்தார்.

"ரொம்பப் பயந்துட்டேங்க." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஆனா சாப்பிட்டீங்களான்னு கேட்டிருந்தீங்க பாருங்க, அதுக்கு மட்டும் பதில் போடலாமான்னு இருந்துச்சு. என்னை யாரும் அதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

நான்கு நாளாக மனதுக்குள் மேடம் செதுக்கி வைத்திருந்த திருடனின் முகம் இதுவல்ல. இதைவிட மோசம், இந்த முகத்தை அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

பின்னாலிருந்து மெக்கானிக் மெல்ல முன்னால் வந்தார். அவர் அம்மாளைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்தார். குனிந்து அதன் சுவிட்சைத் தொட்டார். சுவிட்சின்மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

"நகச்சாயம்," என்றார். "எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு எனக்குத் தெரியாதுன்னு என் வீட்டுக்காரி வச்சா. இது என் வீட்டுக் கம்ப்யூட்டர் மேடம்."

"உங்ககிட்ட ஒரு போன்தான்னு சொன்னீங்களே!" தபால் கொதித்தார்.

"என்கிட்ட ஒரு போன்தான். இது அவளோடது." மெக்கானிக் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மெயில் அட்ரஸ். சாயங்காலம் அவதான் இதுல திறந்து படிச்சு, எனக்குச் சொல்லுவா. லெட்டர்னா வீட்டுக்கு வந்து வீட்டுலயே இருக்கணும், எங்கயோ யாரோ ஒருத்தன் பெட்டியில தொங்கக் கூடாதுன்னு, அவதான் இப்படி வைக்கச் சொன்னா. அவ போன பிறகு நான் இதைத் தொடல. மேல துணியைப் போட்டு மூடி வச்சிருந்தேன். அதையும் பாக்க முடியலைன்னு ஏழு மாசம் முன்னாடி பழைய சாமான்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துட்டேன். அதுல ஒண்ணையும் அழிக்கல. அழிக்கணும்னா அதை ஆன் பண்ணணுமே."

ஏழு மாதமாகத் தன் பெட்டி காலியாக இருந்தது அவருக்கு உறைக்கவே இல்லை. யாரும் தனக்கு எழுதமாட்டார்கள் என்று இருந்தவருக்கு, எதுவும் வராதது வித்தியாசமாகப் படவில்லை. ஆக, மகளின் கடிதங்களை வாரிக்கொண்டு போன கையில் பாதி அவருடையதுதான். மேடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

"பழைய சாமான் கடையில வாங்கினப்பவே அந்த மெயில் திறந்துதான் இருந்துச்சு," என்றார் அம்மாள். "தானா வரும். முதல்ல கடை விளம்பரம் அது இதுன்னு வந்துச்சு, கண்டுக்கல. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு, 'அப்பா, எப்படி இருக்கீங்க'ன்னு ஒண்ணு. அடுத்தவங்க லெட்டரைப் படிக்கறது தப்பு. தெரிஞ்சேதான் படிச்சேன். நல்ல பொண்ணுங்க. தான் குடியிருக்கற ரூமைப் பத்தி எழுதியிருந்தா, ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுச் சுவர் இடிக்குதுன்னு. அதுக்கப்புறம் ரெண்டு மணி ஆனா என்னால வேற வேலை பாக்க முடியல."

"அவளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே, இது உங்க அப்பா இல்லைன்னு?" என்றாள் மேடம். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கொடுமையானது என்று தெரிந்தது.

"எழுதினேன். நாலு தடவை எழுதினேன். அனுப்பல. அனுப்பிட்டா அப்புறம் அவ எதுக்கு எனக்கு எழுதப் போறா?"

மெக்கானிக் தலை தூக்கினார்.

"ஆறாவது கடிதம். அதுல என்ன இருக்கு?"

"ஆபீஸ்ல அஞ்சு வருஷத்துக்குத் தூர தேசம் அனுப்பறாங்களாம். அதுக்கு முன்னாடி இந்த வெள்ளிக்கிழமை, அஞ்சு மணி வண்டியில வந்து உங்களைப் பாக்கணுமாம். 'வா'ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதினா வரேன், இல்லைன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு எழுதியிருந்தா."

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு ஐந்து. "இன்னிக்குத்தான் வெள்ளி. ஆனா பதில் போகலையே. அவ கிளம்பியிருக்கவே மாட்டா."

அம்மாள் கைப்பையின் வாரைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார்.

"பதில் போச்சுங்க," என்றார் கடைசியில். "நான்தான் போட்டேன். இவரா இருந்து."

பழைய முறையில் அனுப்புகிற கடிதத்தின் நகலும் அந்த மெஷினிலேயே தங்கிவிடும். போனிலும் தெரியாது, ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தெரியாது. இது தனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும் என்று மேடம் பல்லைக் கடித்தாள்.

மெக்கானிக் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்று, சின்னப் பையன் மாதிரி கேட்டார்.

"நான் என்ன எழுதியிருக்கேன்?"

அம்மாள் திரையைத் திருப்பி, தானே படித்துக் காட்டினார். 'வாம்மா. காத்திருக்கேன். எதையும் மனசுல வச்சுக்காதே. ராத்திரியில ரொம்ப நேரம் திரையைப் பாக்காதே, கண்ணைப் பாத்துக்கோ.'

மெக்கானிக் அதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "எனக்கு இப்படி எழுத வந்திருக்காது," என்றார்.

"திங்கக்கிழமை பதில் வந்துச்சு. அதைப் படிச்சதுலருந்து நான் நானா இல்ல," என்றார் அம்மாள். "அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு வந்து நிப்பா. உங்க விலாசம் எந்த லெட்டர்லயும் இல்ல. நான் போய் என்னன்னு சொல்றது? போகாம எப்படி இருக்கறது? காலையிலயே கிளம்பி உக்காந்திருக்கேன்." அவர் இன்னொரு கடிதத்தைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

மெக்கானிக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டது. அத்தனை கண்ணாடிகள் நடுவில் நின்றுகொண்டு அவரால் படிக்க முடியவில்லை. மேடம்தான் படித்தாள்.

'அப்பா, பதில் கிடைத்தது. அதை நீங்கள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், கண்ணைப் பார்த்துக்கொள் என்று எழுதமாட்டார். படியிலேயே போ என்றுதான் எழுதுவார். அப்படியானால் உங்கள் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். உங்களுக்காகக் கடிதம் எழுதுகிற அளவுக்கு அக்கறையாக. அம்மா போன பிறகு நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. இனிமேல் அது வரும் என்று நினைக்கிறேன். அவர் யாராக இருந்தாலும் சரி, ஸ்டேஷனுக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் இரண்டு பேராக நிற்பதைப் பார்த்துவிட்டால், நான் நிம்மதியாகப் போவேன்.'

படித்து முடித்ததும் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு நாள், இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு மின்தடை. அந்தப் பெண்ணுக்கோ நாலே வரி போதுமானதாக இருந்தது. துப்பு துலக்குவதில் அவள் மேடத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். ஆனால் முடிவு தப்பு. இங்கே யார் பக்கத்திலும் யாரும் இல்லை.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மேடம் கீபோர்டை இழுத்தாள். அந்த மெயிலைப் பழைய முறையிலிருந்து புது முறைக்கு மாற்றினாள். மெஷினுக்குள் அடைபட்டிருந்த மகளின் கடிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மேலே ஏற்றினாள். மெக்கானிக்கின் உள்ளங்கையில் இருந்த போனில் அவை வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு.

"இனிமே எங்க பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும். போன்லயும் இருக்கும்," என்றாள்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல?" அம்மாள் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மேடம் மெக்கானிக்கைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

நான்கு இருபது. ஸ்டேஷன் இருபத்தைந்து நிமிஷ நடை. மெக்கானிக் கைக்குட்டையை எடுத்து, கையில் இல்லாத கிரீஸை அழுத்தித் துடைத்தார்.

"கடையைச் சாத்துங்கம்மா. போகலாம்."

"நான் எதுக்குங்க? உங்க பொண்ணு, நீங்க போங்க. நான் செஞ்சதுக்கு நீங்க திட்டாம விட்டதே பெருசு."

"அவ ரெண்டு பேரைத் தேடிக்கிட்டு வருவா. நான் மட்டும் போய் நின்னேன்னா, அப்பன் தனியாத்தான் கிடக்கான்னு தெரிஞ்சு போயிடும். அப்புறம் அஞ்சு வருஷமும் அவளுக்குத் தூக்கம் வராது."

"அது பொய்யாச்சேங்க."

"நடந்து போய்ச் சேர இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள எவ்வளவு குறைக்க முடியுமோ குறைச்சுக்கலாம்."

அம்மாள் எழுந்தார். சாவியைக் கல்லாவில் தேடினார், மேஜையில் தேடினார், கடைசியில் கைப்பையிலிருந்தே எடுத்தார். தபால் குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, ஷட்டரை இறக்கிக் கொடுத்தார்.

மேடமும் தபாலும் வாசலில் நின்றுகொண்டார்கள். மற்ற இருவரும் தெருவில் இறங்கினார்கள். நடுவில் இன்னும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடந்தார்கள். நாலடி போனதும் மெக்கானிக் நின்று, போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

"என்னால படிக்க முடியல. படிக்க நேரமும் இல்ல," என்றார். "அவகிட்டப் போய் நிக்கறதுக்குள்ள அந்த ஆறு லெட்டர்லயும் என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"மனப்பாடமா இருக்குங்க."

"அப்ப முதல்லருந்து சொல்லுங்க."

அம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு, அவருக்குக் கேட்கும்படி கொஞ்சம் பக்கத்தில் வந்தார். "'அப்பா, எப்படி இருக்கீங்க?'" என்று ஆரம்பித்தார்.